மக்கள் ஏன் தெருவுக்கு வருகிறார்கள்?

2010-ஆம் ஆண்டின் கடைசியில் அரபு நாடுகளில் மக்கள் கிளர்ந்தெழுந்து, பத்தாண்டுக் கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருந்த சர்வாதிகாரிகளை விரட்டத் தொடங்கியபோது, அதற்குக் காரணம் சொல்ல அறிஞர்கள் பலர் முன்வந்தார்கள். கைப்பேசிதான் காரணம் என்றார்கள் சிலர். அந்நியச் சதி என்றார்கள் சிலர். படித்த இளைஞர்களுக்கு வேலையில்லை, அந்தக் கோபம்தான் என்றார்கள் வேறு சிலர். அந்த மக்கள் ஜனநாயகத்துக்கு லாயக்கற்றவர்கள், இது நாலு நாள் கூத்து என்று சொன்னவர்களும் உண்டு.

ஐந்தாண்டு கழித்து, 2016 ஏப்ரலில், நம் அடுகோடி வழியாகப் போகும் இதே ஓசூர் ரோட்டில் கார்மெண்ட்ஸ் பெண்கள் உட்கார்ந்தபோதும் இதே பேச்சைத்தான் கேட்டோம். புரளியை நம்பி வந்துவிட்டார்கள், யாரோ தூண்டிவிட்டார்கள், விஷமிகள் புகுந்துவிட்டார்கள். உழைக்கும் மக்களுக்குச் சொந்தமாக ஒரு மூளை இருக்கும் என்பதை ஒப்புக்கொள்ள ஆள்பவர்களுக்கு எந்த ஊரிலும் மனம் வருவதில்லை. கெய்ரோவிலும் வரவில்லை, பெங்களூரிலும் வரவில்லை.

ஆகவே கேள்வியை நாமே கேட்டு, நமக்குத் தெரிந்த இடத்திலிருந்தே பதில் தேடுவோம். ஜனங்களைத் தெருவுக்கு இழுத்து வருவது எது?

ஓசூர் ரோட்டில் நடந்தது

2016 பிப்ரவரி 10-ஆம் தேதி மத்திய அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அதுவரை வேலையை விட்டு இரண்டு மாதம் சும்மா இருந்தால், பி.எப். கணக்கில் சேர்ந்த தொகை முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம். புதிய விதிப்படி, தொழிலாளி தன் பங்கையும் அதன் வட்டியையும் மட்டும் எடுக்கலாம்; முதலாளி கட்டிய பங்கு 58 வயது வரை உள்ளேயே இருக்கும். தொழிற்சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. தில்லி அமலாகும் தேதியைத் தள்ளிவைத்ததே தவிர, விதியைக் கைவிடவில்லை.

ஏப்ரல் 18, திங்கட்கிழமை. பொம்மனஹள்ளியில் பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். ஓசூர் ரோடு நின்றது. மறுநாள் ஜாலஹள்ளி, தும்கூர் ரோடு, பீன்யா, ஹெப்பகோடி என்று நகரத்தின் நாலு பக்கமும் பரவி, மத்தூர் வரைக்கும் போயிற்று. தடியடி நடந்தது, கண்ணீர்ப்புகை வீசப்பட்டது, பஸ்கள் எரிந்தன, ஹெப்பகோடி காவல் நிலையம் தாக்கப்பட்டது. 19-ஆம் தேதி தில்லியில் தொழிலாளர் அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா முதலில் விதியை ஜூலை 31 வரை தள்ளிவைப்பதாகச் சொன்னார். தெரு கலையவில்லை. அன்று மாலையே விதி ரத்து என்று அறிவித்தார்.

இரண்டே நாள்! மனுவாலும் பேச்சுவார்த்தையாலும் இரண்டு மாதமாக நகராதது இரண்டு நாளில் நகர்ந்தது. இந்தப் பெண்களில் மிகச் சிலரே சங்க உறுப்பினர்கள். பெரிய கட்சி எதுவும் அவர்களை அழைத்து வரவில்லை. ஒரு பிரிவில் மெஷின் நின்ற செய்தி அடுத்த பிரிவுக்குப் போயிற்று, ஓர் ஆலையின் சத்தம் அடுத்த ஆலையின் வாசலில் கேட்டது, அவ்வளவுதான்.

257 ரூபாய்க் கணக்கு

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். சங்க வேலையில் பி.எப். சீட்டைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது மனப்பாடம். சம்பளத்தில் தொழிலாளியின் பங்கு 12 விழுக்காடு. முதலாளியின் பங்கும் 12 விழுக்காடுதான். ஆனால் அதில் 8.33 விழுக்காடு ஓய்வூதிய நிதிக்குப் போய்விடும். மீதி 3.67 விழுக்காடுதான் பி.எப். கணக்கில் சேரும். அந்நாளில் தையல் மெஷினில் உட்கார்ந்த பெண்ணின் சம்பளம் ஏறக்குறைய 7,000 ரூபாய். அதில் 3.67 விழுக்காடு என்றால் மாதம் சுமார் 257 ரூபாய்.

257 ரூபாய்க்காகவா தடியடி வாங்கினார்கள்? சட்டத்தைச் சரியாகப் படிக்காமல் மொத்தப் பணமும் போய்விடும் என்று பயந்துவிட்டார்கள் என்று எழுதினார்கள். அப்படி நம்பியவர்கள் இருந்தார்கள் என்பது உண்மைதான். அவர்கள் மொழியில் அவர்களுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்ல அரசு யாரையாவது அனுப்பியதா? 58 வயது என்று எழுதியவர், அந்த மெஷினில் 58 வயதுப் பெண் யாராவது உட்கார்ந்திருக்கிறாளா என்று ஒரு ஆலைக்குள் போய்ப் பார்த்தாரா? நாற்பதைத் தாண்டினால் கண் மங்கும், இடுப்பு விடும்; மணிக்கு இத்தனை உருப்படி என்ற கணக்கு முடியாமல் போகும். பிறகு வீட்டு வேலைக்கோ பூக்கட்டவோ போக வேண்டியதுதான். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வேலையை விட்டு, பி.எப். எடுத்து, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தையும் கந்துக் கடனையும் அடைத்து, வேறொரு ஆலையில் சேர்வது அவர்களுடைய பிழைப்பின் ஏற்பாடு. வங்கி அவர்களுக்குக் கடன் தராது. அந்தப் பணம்தான் அவர்களுடைய வங்கி.

அந்த ஏற்பாட்டை, அவர்களை ஒரு வார்த்தை கேட்காமல், அவர்கள் நன்மைக்கே என்று சொல்லி, தில்லியில் யாரோ மாற்றி எழுதினார்கள். தினமும் சூப்பர்வைசரிடம் ஏச்சு. கழிப்பறைக்குப் போனால் கணக்கு. ஐந்து நிமிடம் பிந்தினால் வெளிக்கதவு சாத்தல். இத்தனைக்கும் மேலே, உன் பணத்தை எப்போது நீ தொடலாம் என்று நாங்கள் சொல்வோம் என்றால்? 257 ரூபாய் அல்ல கணக்கு. நீ யார் என்னைக் கேட்காமல் தீர்மானிக்க என்பதுதான் கணக்கு. ஜனநாயகம் என்ற சொல்லை அந்தப் பெண்கள் உச்சரிக்காமல் இருந்திருக்கலாம். அவர்கள் கேட்டது அதைத்தான்.

தராசும் நெசவாலையும்

துனீசியாவில் சிதி பூசித் என்ற சிறு நகரம். முகம்மது பூஅசீசி என்ற 26 வயது இளைஞர் அங்கே தள்ளுவண்டியில் பழமும் காய்கறியும் விற்றார். 2010 டிசம்பர் 17 அன்று நகராட்சிக்காரர்கள் அவருடைய தராசையும் சரக்கையும் பறித்தார்கள். முறையிட ஆளுநர் அலுவலகத்துக்குப் போனார். யாரும் பார்க்கவில்லை. அந்த அலுவலக வாசலிலேயே தன்மேல் தீ வைத்துக்கொண்டார். 2011 ஜனவரி 4 அன்று இறந்தார். பத்தே நாளில், ஜனவரி 14 அன்று, 23 ஆண்டு ஆண்ட பென் அலி சவூதி அரேபியாவுக்கு ஓடினார்.

தராசின் விலை என்ன? அதுவும் 257 ரூபாய்க் கணக்குப் போன்றதுதான். நடைபாதையில் வண்டி போட்டுப் பிழைக்கும் நம் ஜனங்களிடம் தராசைப் பறிப்பது என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. துனீசியர்கள் தங்கள் எழுச்சிக்கு வைத்த பெயரிலேயே 'கராமா' என்ற சொல் உண்டு. தன்மானம் என்று பொருள். சுயமரியாதை என்று நாம் ஒரு நூற்றாண்டாகச் சொல்லி வருவது.

ஆனால் ஒரு மனிதர் எரிந்ததால் மட்டும் நாடு எரிந்துவிடாது. எகிப்தைப் பாருங்கள். கெய்ரோவுக்கு வடக்கே மகல்லா என்ற நெசவாலை நகரம். அங்குள்ள அரசு ஆலையில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள். அறிவித்த போனஸைக் கொடுக்கவில்லை என்று 2006 டிசம்பரில் வேலைநிறுத்தம் வெடித்தது. முதலில் மெஷினை நிறுத்தியவர்கள் பெண்கள். அவர்கள் ஆண்கள் பிரிவுக்குப் போய், நாங்கள் வந்துவிட்டோம், நீங்கள் எங்கே என்று கேட்டுத்தான் ஆண்களை எழுப்பினார்கள். போனஸ் கிடைத்தது. செய்தி மற்ற ஆலைகளுக்குப் பரவியது. 2008 ஏப்ரல் 6 அன்று அதே ஊரில் ரொட்டி விலைக்கும் கூலிக்கும் மறுபடி கிளர்ச்சி. அந்தத் தேதியைத்தான் கெய்ரோ இளைஞர்கள் தங்கள் இயக்கத்துக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள். 2011 ஜனவரி 25 அன்று தஹ்ரீர் சதுக்கத்தில் திரண்ட கூட்டத்தைப் பார்த்து உலகம் வியந்தது. ஆனால் அந்தக் கூட்டத்தின் வேர் நாலு வருஷத்துக்கு முன்பே மகல்லாவில் ஊன்றியிருந்தது. பிப்ரவரி 11 அன்று முபாரக் பதவி விலகுவதற்கு முந்தைய நாள்களில் சூயஸ் கால்வாய்ப் பணிமனைகளும் நெசவாலைகளும் பஸ்களும் நின்றன. சதுக்கத்துக் கூட்டத்தைப் பொறுத்துக்கொண்ட ஆட்சியால் சக்கரம் நின்றதைப் பொறுக்க முடியவில்லை.

எகிப்தியர்களின் கோஷம் ரொட்டி, விடுதலை, சமூக நீதி என்பது. ரொட்டிக்கு அவர்கள் பேச்சுமொழியில் 'ஐஷ்' என்று பெயர். அந்தச் சொல்லுக்கு வாழ்வு என்றும் பொருள். வயிறும் தன்மானமும் அவர்கள் நாவில் ஒரே சொல்லாக இருக்கிறது. வெறும் பசி மனிதனைச் சுருட்டிப் படுக்க வைக்கும். பசியோடு அவமானமும் சேர்ந்து, நமக்கு முன்னால் நாலு பேர் நின்று ஜெயித்தார்கள் என்ற செய்தியும் காதில் விழுந்தால்தான் மனிதன் எழுந்து நிற்பான்.

நம் நாட்டின் 21 மாதங்கள்

இது அரபு நாட்டுச் சமாச்சாரம், நமக்குத் தேர்தல் இருக்கிறது என்று சொல்வோர் 1975-ஐ மறந்துவிட்டார்கள். அதற்கு ஓராண்டு முன்பு, 1974 மே 8 முதல் 27 வரை, இரயில்வேக்காரர்கள் நாடு முழுவதும் சக்கரத்தை நிறுத்தினார்கள். போனஸ், எட்டு மணி நேர வேலை என்பவை கோரிக்கைகள். சுமார் 17 இலட்சம் பேர் பங்கு கொண்ட போராட்டம். பல்லாயிரம் பேர் சிறைக்குப் போனார்கள்; வேலையை இழந்தார்கள்; குடியிருப்புகளிலிருந்து பெண்டு பிள்ளைகள் துரத்தப்பட்டார்கள். வேலைநிறுத்தம் நசுக்கப்பட்டது என்று வரலாற்றில் எழுதுகிறார்கள். நசுக்கிய கைதான் அடுத்த ஆண்டு ஜூன் 25 அன்று நாடு முழுவதையும் நசுக்கியது. தொழிலாளியின் வேலைநிறுத்த உரிமை முதலில் போகும்; மற்றவர்களின் பேச்சுரிமை பின்னால் போகும். வரிசை மாறுவதில்லை.

மறுநாளே நம் பெங்களூரில் வாஜ்பாயி, அத்வானி, மது தண்டவதே ஆகியோர் கைதாகி மத்தியச் சிறைக்குப் போனார்கள். நடிகை சினேகலதா ரெட்டியும் அதே சிறையில் மாதக் கணக்கில் ஆஸ்துமாவோடு கிடந்தார். வெளியே விட்ட சில நாளிலேயே, 1977 ஜனவரி 20 அன்று, உயிர் நீத்தார். அந்தச் சிறை இருந்த இடம்தான் பின்னர் சுதந்திரப் பூங்கா ஆயிற்று. 2021-ஆம் ஆண்டு பிறந்த ஆணை ஒன்று, பெங்களூர் நகரத்தின் ஆர்ப்பாட்டங்கள் எல்லாவற்றையும் அந்தப் பூங்காவுக்குள்ளேயே நடத்தச் சொல்லிற்று. எதிர்த்துப் பேசியவர்களை அடைத்த இடத்திலேயே எதிர்ப்பையும் அடைத்திருக்கிறார்கள். 2016-இல் போல ஓசூர் ரோட்டில் யாரும் உட்காரக் கூடாது என்பதுதான் அதன் பொருள்.

1977 தேர்தலில் இந்த நாட்டு மக்கள் துப்பாக்கி இல்லாமல் சர்வாதிகாரத்தை இறக்கினார்கள் என்று பெருமை பேசுகிறோம். பேசலாம். ஆனால் ஒரு விவரத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் காங்கிரசுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. கர்நாடகத்திலோ 28-இல் 26 இடங்களை அதே காங்கிரஸ் வென்றது. தமிழ்நாட்டிலும் அதன் கூட்டணியே ஜெயித்தது. வடக்கத்தியான் ஜனநாயகவாதி, தெற்கத்தியான் அடிமை என்று இதற்குப் பொருளா? இல்லை. வடக்கே கட்டாயக் குடும்பக் கட்டுப்பாடு வீடு வீடாகப் போய் ஆளைப் பிடித்தது. தில்லி துர்க்மான் கேட்டில் புல்டோசர் குடிசைகளை இடித்தது. அரசின் கை அங்கே உடம்பின் மேல் பட்டது. இங்கே அந்த அளவுக்குப் படவில்லை. சட்டப் புத்தகத்தில் உரிமை பறிபோனால் படித்தவர்களுக்கு வலிக்கும். உடம்பிலும் வீட்டிலும் பையிலும் கை வைத்தால்தான் ஊருக்கே வலிக்கும். அமைப்பாளர் வேலை செய்பவர்கள் இந்தப் பாடத்தை மறக்கக் கூடாது. முதல் வலிக்கும் இரண்டாவது வலிக்கும் உள்ள தொடர்பை ஜனங்களிடம் எடுத்துச் சொல்வதுதான் நம் வேலை.

கூட்டம் எந்தப் பக்கமும் திரும்பும்

எழுச்சி என்றாலே நல்லது என்று நாம் சொல்லவில்லை. யாருக்காக எழுகிறார்கள், யாரை விட்டுவிட்டு எழுகிறார்கள் என்றும் கேட்க வேண்டும். 2022-இல் இலங்கையில் எரிபொருளும் மருந்தும் இல்லாமல் சிங்கள மக்கள் காலிமுகத்திடலில் திரண்டு, ஜூலையில் கோத்தாபய ராஜபக்சவை நாட்டைவிட்டே ஓட வைத்தார்கள். வடக்கிலோ, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு நம் தாய்மார்கள் 2017 முதலே தெருவோரம் உட்கார்ந்திருந்தார்கள். அப்போது தெற்கிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள்? 2022 மே 18 அன்று காலிமுகத்திடலிலேயே முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களை நினைவுகூர்ந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தன் பசி வந்த பிறகுதான் பலருக்குப் பக்கத்து வீட்டுச் சாவு தெரிகிறது. தெரியாமலே போவதைவிட அது மேல்.

நம் ஊருக்கே வருவோம். 2016 ஏப்ரலில் ஓசூர் ரோட்டில் உட்கார்ந்த பெண்களில் மாண்டியாக்காரி இருந்தாள், ராமநகரக்காரி இருந்தாள், கிருஷ்ணகிரிக்காரி இருந்தாள், சித்தூர்க்காரி இருந்தாள். உன் தாய்மொழி என்ன என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. ஏறக்குறைய ஐந்து மாதம். செப்டம்பர் 12 அன்று காவிரியின் பேரால் இதே நகரத்தில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்களும் லாரிகளும் எரிந்தன. 16 காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு. அன்றைக்குக் கேட்ட முதல் கேள்வியே தாய்மொழிதான். ஏப்ரலில் பக்கத்தில் உட்கார்ந்தவளின் வீட்டு வாசலைச் செப்டம்பரில் தாண்டிப் போக நம் பெண்கள் பயந்தார்கள்.

நகரம் ஒன்று, ஆண்டும் ஒன்று. வித்தியாசம் எங்கே? கோபம் இரண்டு நாளிலும் இருந்தது. ஏப்ரலில் அது மேலே பார்த்தது. செப்டம்பரில் பக்கவாட்டில் பார்த்தது. ஏப்ரலின் தோழமையை ஏப்ரலோடு கலைய விட்டதால், ஆலை வாசலிலும் தெருவிலும் வார்டிலும் அதைக் கட்டிக் காக்க ஓர் அமைப்பு இல்லாததால், செப்டம்பரில் அதை யாரும் கூப்பிட முடியவில்லை. அந்நியர்களாகப் பிழைக்க வந்த நமக்கு இது தத்துவ விவகாரம் அல்ல, உயிர் விவகாரம். நம் பாதுகாப்பு போலீஸ் வண்டியில் இல்லை. பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருக்கும் கன்னடப் பெண்ணோடு நமக்கு இருக்கும் சங்கத்தில் இருக்கிறது.

வென்றதை யார் காப்பது?

மறுபடி அரபு நாடுகளுக்குப் போய்ப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். துனீசியாவில் 1946 முதல் ஒரு தேசியத் தொழிற்சங்க சம்மேளனம் இருந்தது. அதன் தலைமை பல நேரம் ஆட்சியோடு ஒத்துப் போயிற்று. ஆனால் ஊர்க் கிளைகள் உயிரோடு இருந்தன. 2011 ஜனவரியில் கிளர்ச்சிக்காரர்களுக்குக் கதவைத் திறந்தவை அந்தக் கிளைகள்தான். பிறகு நாடு உள்நாட்டுப் போரின் விளிம்புக்குப் போனபோது பேச்சுவார்த்தைக்கு வழி செய்த நான்கு அமைப்புகளில் அந்தச் சம்மேளனமும் ஒன்று. அந்த நால்வர் குழுவுக்கு 2015-இல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. எகிப்தில் இருந்ததோ அரசு நடத்திய சங்கம். சதுக்கம் காலியானதும் மக்கள் பக்கம் நிற்க வலுவான அமைப்பு இல்லை. 2013 ஜூலை 3 அன்று இராணுவம் ஆட்சியைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. துனீசியாவிலும் 2021 ஜூலை 25 அன்று அதிபர் கைஸ் சயீத் நாடாளுமன்றத்தை முடக்கினார். அமைப்பு இருந்த இடத்தில் ஜனநாயகம் பத்தாண்டு தாக்குப் பிடித்தது. இல்லாத இடத்தில் இரண்டரை ஆண்டு. இருக்கும் அமைப்பும் அசந்தால் அதுவும் போகும்.

நம் பெண்கள் வென்றது என்ன ஆயிற்று? 2025 அக்டோபர் 13 அன்று பி.எப். அறங்காவலர் வாரியம் ஒரு தீர்மானம் எடுத்தது. கணக்கில் 25 விழுக்காடு எப்போதும் இருப்பாக இருக்க வேண்டும். வேலை போனால் மொத்தக் கணக்கையும் முடித்து வாங்க முன்பு இரண்டு மாதம், இனி 12 மாதம். முக்கால் பங்கை உடனே எடுக்கலாம், முதலாளி பங்கும் அதில் அடங்கும் என்று அமைச்சகம் விளக்கம் சொன்னது. 2016 விதியைவிட இது மென்மையானதுதான். நியாயமாக அதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் தையல் மெஷினிலிருந்து எழுந்து வரும் பெண்ணை இந்தத் தடவையாவது கேட்டார்களா? 2016-இல் தெருவில் நிறுத்தப்பட்ட அதே எண்ணம், ஒன்பது ஆண்டு கழித்து, நடையை மாற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தது. ஓசூர் ரோடு நிற்கவில்லை.

அடுத்த மாதமே, நவம்பர் 21 அன்று, நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. எந்தத் தொழிலானாலும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பாதிப்பேர் சேர்ந்து ஒரே நாளில் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம். 2016 ஏப்ரல் 18 அன்று பொம்மனஹள்ளியில் நடந்தது இனிச் சட்ட விரோதம். மக்கள் திடீரென்று எழுவதைத் தடுக்க ஆள்பவர்கள் எவ்வளவு முன்யோசனையோடு இருக்கிறார்கள் பாருங்கள்! அதே முன்யோசனை நமக்கு வேண்டாமா?

நாம் செய்ய வேண்டியது

எழுச்சியை யாரும் தேதி குறித்து நடத்த முடியாது. பூஅசீசியின் தராசு எந்த நாளில் பறிபோகும் என்று துனீசியாவில் எந்த சங்கத்துக்கும் தெரியாது. ஆனால் அந்த நாள் வரும்போது ஊர்க்கிளையின் கதவு திறந்திருக்குமா, பூட்டியிருக்குமா என்பது நம் கையில் இருக்கிறது.

அடுகோடி, மடிவாளா, பொம்மனஹள்ளி பக்கம் கார்மெண்ட்ஸுக்குப் போகும் நம் பெண்கள் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு சங்கத்தில் சேர வேண்டும். சந்தாவைக் கட்டிவிட்டு வீட்டில் இருந்தால் போதாது. கூட்டத்துக்கு வந்து கேள்வி கேட்க வேண்டும். கேள்விக்குப் பதில் சொல்லாத தலைவர் ஆலை முதலாளியைவிட ஆபத்தானவர். பி.எப். சீட்டைப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து சொல்லித் தர வேண்டும். தமிழில் மட்டும் அல்ல, கன்னடத்திலும். புதிய விதி எது வந்தாலும், அது புரளியாக நம்மை வந்தடைவதற்கு முன் உண்மையாக வந்தடைய வேண்டும். நம் சங்கக் கூட்டங்களுக்குக் கன்னடத் தொழிலாளர்களை அழைப்போம். அவர்கள் கூட்டங்களுக்கு அழைக்காவிட்டாலும் போவோம்.

மக்கள் ஏன் தெருவுக்கு வருகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு நம் பதில் இது: வேறெங்கும் அவர்களைக் கேட்பார் இல்லாததால் வருகிறார்கள். ஆலையிலும் வார்டிலும் தில்லியிலும் அவர்களைக் கேட்டுத் தீர்மானிக்கிற நிலைமை வரும்வரை வந்துகொண்டேதான் இருப்பார்கள். வரும்போது தனித்தனியாக வராமல், மொழி பார்க்காமல், திரும்பிப் போகும்போது கலையாமல் போவதற்கு வழி செய்வோம். தோழர்களே, அந்த வேலை இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கட்டும்.